மிதவூரில் கல்லுக்கும் எடை கிடையாது

ஸ்ரீரங்கம்
10 ஆகஸ்ட் 2025, ஞாயிற்றுக்கிழமை
காலை 6 மணி 10 நிமிடம்

கடிதம் எண் 4 (முதல் மூன்றும் எழுதப்பட்டன, அனுப்பப்படவில்லை)
பொருள்: 27.7.2025 அன்று தொலைபேசியில் நீ கேட்ட கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

ஜூலை 27ஆம் தேதி காலை பத்தே காலுக்கு நீ பெங்களூரிலிருந்து பேசினாய். நான்கு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. அதில் மூன்று நிமிடம் உன் நாவலைப் பற்றி. அச்சுக்குப் போகுமுன் நான் ஒருமுறை படித்துப் பிழை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாய். மீதி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. "அம்மா உடம்பு முடியலைன்னு உங்ககிட்ட சொன்னாங்களா, சொல்லலையாப்பா? ஆமாவா இல்லையான்னு எழுதி அனுப்புங்க. எழுத்துல வந்தாத்தான் திதிக்கு வருவேன்." நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். உன் அம்மாவின் முதலாண்டுத் திதி ஆவணி வளர்பிறை நவமி. செப்டம்பர் 1, திங்கட்கிழமை, காலை ஏழரை மணி, காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறை. இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். தபால் போய்ச் சேர இரண்டு நாள் கழித்தால், யோசிக்க உனக்கு இருபது நாள் கிடைக்கும்.

பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் நாவலை நீ முதலில் கேட்டாய். ஆகவே அதை முதலில் முடிக்கிறேன். தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைப்பாய். கொஞ்சம் உண்மைதான், முதல் மூன்று கடிதங்களும் நாவலோடு நின்றுபோனவை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதம் அல்ல. நீ விரும்பினால் உன் புத்தகத்தின் கடைசியில் இதை அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம், மேடையில் படிக்கலாம், உன் நண்பர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு காலத்தில் உன் எழுத்தை உன்னைக் கேட்காமல் நான் நாலு பேர் முன்னால் உரக்கப் படித்தேன். என் எழுத்தை நீ எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் படி.

ஜூலை 30 தொடங்கி ஆகஸ்ட் 6 முடிய, நாளொன்றுக்கு ஏறக்குறைய நாற்பது பக்கம் படித்தேன். எடையே இல்லாத ஓர் ஊர், வீடும் மனிதரும் மாடும் மிதக்கிற ஊர், பெயர் மிதவூர். அந்தப் பெயரை நீ முதன்முதலில் எப்போது வைத்தாய் என்பது நம் இருவருக்கும் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். முதல் குறை, 'கீழே' என்ற சொல்லை நாற்பத்து மூன்று இடங்களில் போட்டிருக்கிறாய். மிதவூரில் கீழ் கிடையாது, மேலும் கிடையாது. கதவுப் பக்கம், கயிற்றுப் பக்கம் என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் பேசுவார்கள். உன் கதாநாயகி கட்டிலில் விழுகிறாள், நாற்காலியிலிருந்து எழுகிறாள். எடையில்லாத ஊரில் நாற்காலி எதற்கு? உட்காருவது எடை உள்ளவர்களின் தேவை. பக்கம் 36இல் அவள் இட்லி அவிக்கிறாள். நீராவி மேலே கிளம்புகிறது என்கிறாய். கிளம்பாது. கொதிக்கிற தண்ணீருக்குள்ளேயே ஒரே பெரிய குமிழாக, சூடுபட்ட இடத்தைவிட்டு நகராமல் அடைத்துக்கொண்டு நிற்கும். பானை தீய்ந்துவிடும், மாவு பச்சையாகவே இருக்கும். பக்கம் 41இல் குத்துவிளக்கின் சுடர் நிமிர்ந்து எரிகிறது. அங்கே சுடர் நிமிராது. கோலிக்குண்டுபோல உருண்டு, நீலமாக, அரை உயிராக எரியும்.

இவையெல்லாம் சில்லறைப் பிழைகள் என்று உன் பதிப்பாசிரியர் சொல்லக்கூடும். அவர் ஒரு நாளாவது அந்த ஊரில் குடியிருந்து பார்த்திருந்தால் சொல்ல மாட்டார். மணப்பாறை முறுக்கைக் கடித்துச் சிரித்துக்கொண்டே போகிறார்கள் உன் ஆட்கள். கடித்த தூள் எங்கே போயிற்று? அறை முழுக்க மிதந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். அங்கே முறுக்கு தின்ன ஆசைப்பட்டவன் ஒரு பைக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் தின்ன வேண்டும். அதை எழுதியிருந்தால் வாசகன் நம்பியிருப்பான், சிரித்துமிருப்பான். குளிக்கிற தண்ணீர் உடம்பைவிட்டு ஓடாது. கூழ்போல ஒட்டிக்கொள்ளும், துண்டால் வழித்தெடுக்க வேண்டும். மின்விசிறி நின்றுபோன அறையில் தூங்குகிறவருக்கு, தாம் விட்ட மூச்சே முகத்தைச் சுற்றி மூட்டமாக நின்று திணறும். ஆகவே மின்சாரம் போனவுடன் பிள்ளைகளை எழுப்பிவிடுவதே மிதவூர்த் தாய்மாரின் முதல் வேலையாக இருக்கும். உன் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு தாய்க்கும் இந்தக் கவலை வரவில்லை. பக்கம் 207இல் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. வழியாது. கண்ணிலேயே திரண்டு பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கும். துணியால் ஒற்றி எடுக்கும்வரை அழுகிறவருக்கு எதிரில் இருப்பது தெரியாது. நீ அழுகையை அழகுக்காக எழுதுகிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கம் 12இல், மிதவூரில் யாரும் யார் காலிலும் விழ முடியாது, அதுவே அந்த ஊரின் முதல் சுதந்திரம் என்று எழுதியிருக்கிறாய். யாருக்காக எழுதப்பட்டது என்று புரிந்தது. 2008 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை, நீ பெங்களூருக்குக் கிளம்பியபோது, "அப்பா காலைத் தொட்டுட்டுப் போடி" என்று உன் அம்மா இரண்டு முறை சொன்னாள். நீ குனிந்தாய், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாய். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பிறகு, பக்கம் 118 முதல் 121 வரை வருகிற முத்திரைக்காரர். எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை குத்துகிற அரசாங்க ஆய்வாளர். எடையே இல்லாத ஊரில் வேலை போனவர். உபயோகமற்ற கற்களைக் கழுத்தில் மாலையாகக் கட்டிக்கொண்டு ஆபீஸ் அறையில் மிதக்கிறார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக அவரைத் தள்ளிவிட்டு, அவர் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே திட்டுவதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் முப்பத்தோரு வருஷம் பார்த்த வேலை அது. ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். மிதவூரிலும் அவருக்கு வேலை இருக்கும். எடை போனாலும் பொருளின் அளவு போகாது. ஆளை ஒரு ஸ்பிரிங்கில் கட்டி ஆட்டிவிட்டு, எத்தனை வேகமாக ஆடுகிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்பிரிங்கில் ஏமாற்றுகிறவனும் இருப்பான், அவனைப் பிடிக்கிறவனும் இருப்பான். மற்றபடி அந்த நான்கு பக்கத்தில் நான் பேனாவே வைக்கவில்லை. நாவலில் நன்றாக வந்திருப்பது அது மட்டுமே. வெறுப்பு வந்தால் உனக்கு எழுத வருகிறது; அன்பு வந்தால் சொல் வழுக்கிவிடுகிறது. இது என்னிடமிருந்து உனக்கு வந்தது.

அன்பு வழுக்கிய இடத்தைச் சொல்கிறேன். பக்கம் 290. அம்மா ஒருநாள் விடியலில் கயிற்றை விட்டுவிட்டு, ஜன்னல் வழியாகச் சிரித்தபடி மிதந்து போய்விடுகிறாள். கீழே நிற்கிறவர்கள் (மறுபடியும் கீழே) கையசைக்கிறார்கள். உன் அம்மா அப்படிப் போகவில்லை. எப்படிப் போனாள் என்று உனக்குத் தெரியாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல நான் இருபத்தேழு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1998 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. நீ ஏழாம் வகுப்பு. என் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பாலக்கரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் காதர் பாயும் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்து உட்கார்ந்திருந்தார். அதற்கு முதல் நாள் உன் பள்ளிப் பைக்குள் வேறெதையோ தேடப் போய் ஒரு தொண்ணூற்றாறு பக்க நோட்டு என் கையில் அகப்பட்டது. அட்டையில் 'மிதவூரில் வாழ்வது எப்படி' என்று எழுதியிருந்தாய். நான் அன்றிரவே அதைப் படித்துச் சிவப்பு மையில் அறுபத்தொரு பிழை குறித்திருந்தேன். அவற்றை வந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 'மிதவூரில் சாம்பார் ஊற்ற முடியாது, உறிஞ்சத்தான் முடியும்' என்பதற்குச் சரி போட்டிருந்தேன், மற்றவற்றுக்கெல்லாம் தவறு. நீ சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மூன்று பேரும் சிரித்தார்கள். பக்கம் 17க்கு வந்தேன். 'மிதவூரில் அம்மாக்கள் பறந்து போகாமல் இருக்க மடியில் கல் கட்டிக்கொள்வார்கள்' என்று எழுதியிருந்தாய். அதன் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: தவறு. எடையில்லா இடத்தில் கல்லுக்கும் எடை கிடையாது. இதைப் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு வருஷம் முன்கூட்டியே படிக்கும்படி உன்னிடம் சொன்னேன். காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "பறக்கறதுக்குமா சார் முத்திரை வைப்பீங்க?" என்றார். அதற்கு மற்றவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நோட்டை அடுப்பில் போட்டுவிட்டதாக அன்று மாலை உன் அம்மா என்னிடம் சொன்னாள். அது பொய். நம் வீட்டில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், 2011இல், காதர் பாய் கடைக்கு மின்னணுத் தராசு வந்ததும், அவருடைய பழைய மேடைத் தராசையும் ஒரு பெட்டி இரும்பு எடைக்கற்களையும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை ஆறு மணிக்கு உன் அம்மாவும் நானும் அதில் ஏறி நிற்போம்; பதிவேட்டில் எழுதுவேன். நீ கேலி செய்த பழக்கம். பெட்டியில் ஒன்பது கல்: ஐந்து கிலோ, இரண்டு கிலோ இரண்டு, ஒரு கிலோ, ஐந்நூறு கிராம், இருநூறு இரண்டு, நூறு, ஐம்பது. அவற்றை வைத்து ஒவ்வொரு ஜனவரியிலும் தராசைச் சரிபார்ப்பேன். தராசின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஒருநாளும் தவறாகக் காட்டியதில்லை.

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது அவள் முதல்முறை சொன்னாள், சோறு தொண்டையோடு நின்றுவிடுகிறது, இறங்கவில்லை என்று. மெல்லாமல் விழுங்குகிறாய் என்றேன். பிப்ரவரி 1, வியாழக்கிழமை, தராசில் நின்றபடியே இரண்டாம் முறை சொன்னாள், டிசம்பரில் 54.0 இருந்தவள் அன்று 52.2. சாப்பிடாமல் இருப்பதற்கு நோய் என்று பெயர் வைக்காதே என்றேன். மார்ச் 1, வெள்ளிக்கிழமை, 50.4. "உடம்பு முடியலைங்க. டாக்டர்ட்ட ஒருதரம் காட்டிடலாமா?" என்றாள். இது மூன்றாவது முறை. அன்றிலிருந்து முப்பது நாள், சமையலறைத் தராசில் முந்நூறு கிராம் சோறு நிறுத்து, அவள் தட்டில் போட்டு, தீரும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை வாந்தி எடுத்தாள். மூன்றாம் முறை, வேண்டுமென்றே எடுக்கிறாய் என்று சொல்லி மறுபடியும் நிறுத்துப் போட்டேன். இதைச் செய்யும்போது எனக்குக் கோபம்கூட இல்லை; கடமை செய்கிற நிதானம் இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 1, திங்கட்கிழமை, 52.0. என் முறை பலித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். முந்நூறு கிராம் கணக்கை அத்தோடு விட்டுவிட்டேன். அதன்பிறகு அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மே 52.2, ஜூன் 52.1, ஜூலை 52.3, ஆகஸ்ட் 51.9. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். முப்பத்தோரு வருஷத்தில் அப்படித்தான் பலபேரைப் பிடித்திருக்கிறேன். இருநூறு ஏறி, நூறு இறங்கி, உண்மையான உடம்புபோலவே வந்தது. மே 12 ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். அம்மா குரல் ஒருமாதிரி இருக்கிறதே, வரட்டுமா என்று கேட்டாய். 52.2, வர வேண்டாம் என்றேன். ஜூலை 21 ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டாய். 52.3 என்றேன். அதற்கு முந்தின வாரம், ஜூலை 13 சனிக்கிழமை, குக்கர் வாங்க நாங்கள் பாலக்கரைக்குப் போயிருந்தோம். காதர் பாய் உன் அம்மாவை ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டு, "அம்மா ரொம்ப வாடிட்டாங்களே சார்" என்றார். நான் அவரிடமும் 52.3 என்றேன். "நான் கண்ணால பாக்கறதைச் சொல்றேன், நீங்க நம்பர் சொல்றீங்க" என்றார். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆமாம் என்றாள்.

இங்கே உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மே 12 அன்று நான் வர வேண்டாம் என்றவுடன் நீ ஒரு மூச்சு விட்டாய். எனக்குக் கேட்டது. அது ஏமாற்றத்தின் மூச்சு அல்ல. ஜூலை 21 அன்றும் அதே மூச்சு. பெங்களூரிலிருந்து திருச்சிக்கு ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் அனுமதி டிக்கெட் அல்ல. நான் எண்ணைச் சொன்னேன், நீ எண்ணை வாங்கிக்கொண்டாய். அவளிடம் தனியாக நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பாள். என்னிடம்தான் அவளுக்குச் சொல்ல முடியாமல் போயிற்று.

செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, 51.6. செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை காலை, குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நர்ஸ் அவளைத் தாங்கிப் பிடித்து ஒரு மெஷினில் நிற்கவைத்தார், 45.2 காட்டியது. ஐந்து நாளில் ஆறு கிலோ குறையாது, உங்கள் மெஷின் தவறு என்றேன். உன் அம்மா அதன்மேல் நின்றுகொண்டிருக்கும்போதே நான் தரையில் மண்டியிட்டு, மெஷினின் பின்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா, எந்த வருஷத்து முத்திரை என்று தேடினேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. முத்திரை இருந்தது, நடப்பு வருஷத்து முத்திரை. உன் அம்மா என் தோளைத் தொட்டு, "அவங்க மெஷின் சரிதாங்க" என்றாள். நம் தராசைக் குறை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலை ஐந்து மணிக்கு, தராசைச் சோதித்து அவளுக்கு நிரூபிப்பதற்காகவே வீட்டுக்கு வந்தேன்.

எடைக்கல் பெட்டியைத் திறந்தேன். ஐந்து கிலோவும் ஐம்பது கிராமும் மட்டும் இருந்தன. மற்ற ஏழு குழிகளும் காலி. ஏழும் அவளுடைய அலமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடைத்தன. பழைய உறையூர்ப் பருத்திச் சேலையைக் கிழித்து, கையால் தைத்து, உள்ளே தடுப்புகள் வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா போட்ட ஒரு பை. ஒவ்வொரு கல்லுக்கும் அதன் அளவுக்கு ஒரு தடுப்பு, நடக்கும்போது ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராதபடி. பைக்கு அடியில் உன் தொண்ணூற்றாறு பக்க நோட்டு. ஆறு கிலோவைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு, நாற்பத்தைந்து கிலோ உடம்போடு, என் எதிரில் ஓர் அடி தூரத்தில் அவள் நின்றிருக்கிறாள். நான் தராசின் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செப்டம்பர் 7, சனிக்கிழமை, பிள்ளையார் சதுர்த்தி. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பையை அவள் கட்டிலில் வைத்தேன். அவள் அதன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "நீங்க சத்தம் போடாம இருக்கறதுக்கு வேற வழி தெரியலைங்க. பாப்பா நோட்டுல போட்டிருந்தாளே, மடியில கல்லு கட்டிக்கணும்னு" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பதினொரு மாதமாக எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். சொன்னதை மட்டும் இங்கே எழுதுகிறேன். "முத்திரை வெச்ச கல்லை எடுத்து எடையைக் கூட்டிக் காட்டினா அதுக்கு என்ன பேர்னு தெரியுமா உனக்கு? இதுக்குத்தான் முப்பத்தோரு வருஷம் ஊர்ல ஒவ்வொருத்தனையா பிடிச்சேன்."

"அப்ப என்னையும் பிடிச்சுட்டீங்க" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

உனக்கு நான் செய்தி சொன்னது 9ஆம் தேதி திங்கட்கிழமை மாலை. நீ 10ஆம் தேதி காலை வந்து சேர்ந்தபோது அவள் தொண்டையில் குழாய். ஏன் மூன்று நாள் தாமதித்தீர்கள் என்று நீ அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டாய். திடீரென்று முற்றிவிட்டது என்றேன். 7, 8, 9 ஆகிய மூன்று நாளும் அவளுக்குப் பேச்சு இருந்தது. நர்ஸிடம் பேசினாளாம், உன் பெயரைச் சொன்னாளாம். அந்த மூன்று நாளும் நான் வீட்டில் உட்கார்ந்து, எந்த மாதம் எந்தெந்தக் கல்லைக் கட்டியிருப்பாள் என்று ஊகித்து, பதிவேட்டில் இன்னொரு பத்தி போட்டு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எடையைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பதிவேடு சரியான பிறகுதான் உன்னைக் கூப்பிட எனக்குக் கை வந்தது. அவள் 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை 11.40க்குப் போனாள். வயிற்றில் கட்டி. "மார்ச்லயே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா பேச்சே வேறங்க" என்றார் டாக்டர். அதையும் உனக்குச் சொல்லவில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: ஆம். சொன்னாள். மூன்று முறை. தேதிகள் மேலே இருக்கின்றன. எழுத்தில் கேட்டாய், எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஆனால் கேட்ட விதத்தை ஒருமுறை யோசித்துப் பார். ஒரு மனிதன் வாயால் சொல்வது உனக்குப் போதாது. எழுத்தில் வர வேண்டும், அத்தாட்சி வேண்டும். இதை யாரிடம் கற்றுக்கொண்டாய்? அப்பாவுக்கு நேரெதிர் நான் என்று உன் நாவலின் முன்னுரையில் எழுதியிருக்கிறாய். அந்த வரியையும் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். உன் வீட்டில் நாளைக்கு யாராவது சாப்பாடு இறங்கவில்லை என்றால், சரிபார்க்கக் கிளம்பாதே. ஏன், எப்போதிலிருந்து என்று கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பு. எழுபத்து மூன்று வயதில் நான் உனக்குச் சொல்ல வைத்திருக்கிற புத்திமதி இவ்வளவுதான்.

பக்கம் 17இல் நான் எழுதிய 'தவறு' என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. எடையில்லா இடத்தில் கல்லுக்கும் எடை கிடையாது. அது அன்றும் சரி, இன்றும் சரி. அங்கே மடியில் கல் கட்டிக்கொண்டவளைத் தள்ளினால் கொஞ்சம் மெதுவாக நகர்வாள், அவ்வளவுதான். கல் அவளைப் பிடித்து வைக்காது. உன் அம்மாவையும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை என் கண்ணுக்கு மெதுவாக்கியதைத் தவிர அந்தக் கற்கள் வேறொன்றும் செய்யவில்லை.

கடைசித் திருத்தம், பக்கம் 309. மகள் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறாள். அது அவள் விரல்களின் வழியே ஆற்றில் விழுந்து கலந்து போகிறது என்று எழுதியிருக்கிறாய். மிதவூரில் அது விழாது. தண்ணீர் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு, எள்ளைத் தன்னோடு பிடித்துக்கொண்டு, மணிக்கட்டுக்கு ஏறும். உதறினால் துளித்துளியாகப் பிரிந்து, இறைத்தவர் முகத்துக்கு எதிரிலேயே மிதக்கும். அந்த ஊரில் யாரும் யாருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்துவிட முடியாது. இதை மாற்றி எழுது. உன் நாவல் அந்த ஒரு பக்கத்தினால் பிழைத்தாலும் பிழைக்கும். இங்கே, அம்மா மண்டபத்தில், விழும். செப்டம்பர் 1 அன்று நான் இறைப்பேன். நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியை மேலே ஒவ்வொரு தேதியாக எழுதிக் கழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
காலை 9 மணி 25 நிமிடம்

இணைப்புகள்:

1. உன் நோட்டு, 96 பக்கம். சிவப்பு மை உட்பட, இருந்தது இருந்தபடி.

2. நாவலின் அச்சுப்படி, 312 பக்கம், திருத்தங்களுடன். பக்கம் 118 முதல் 121 வரை திருத்தம் இல்லை.

3. எடைப் பதிவேட்டின் நகல், டிசம்பர் 2023 முதல் செப்டம்பர் 2024 வரை. இடப்பத்தி தராசு காட்டியது, வலப்பத்தி அவள்.

4. தனிப் பார்சலாக: நாடாவுடன் கூடிய துணிப்பை ஒன்று. அதற்குள் இரும்பு எடைக்கற்கள் ஏழு: இரண்டு கிலோ இரண்டு, ஒரு கிலோ ஒன்று, ஐந்நூறு கிராம் ஒன்று, இருநூறு கிராம் இரண்டு, நூறு கிராம் ஒன்று. மொத்தம் ஆறு கிலோ. சரிபார்த்துவிட்டேன், நீ நிறுக்க வேண்டாம். இடுப்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், இரண்டு நிமிடம் நேராக நில். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. பிறகு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்.